கூட்டத்தில் சேரும் தனிக்குஞ்சு

க.பொ.த. (சாதாரண தரம்) – விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும்
பாடப்பரப்பு: கோழி வளர்ப்பு – பறவைகளின் நடத்தையும் முகாமைத்துவமும்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• கொத்தல் ஒழுங்கு என்பதை உதாரணத்துடன் விளக்குவீர்கள்.
• புதிய பறவை ஒன்று தாக்கப்படுவதற்கான காரணங்களைக் கூறுவீர்கள்.
• தனிக்குஞ்சொன்றைக் கூட்டத்துடன் சேர்க்கும் படிமுறைகளை ஒழுங்காக எழுதுவீர்கள்.
• சாதாரணக் கொத்தலையும் ஆபத்தான தாக்குதலையும் வேறுபடுத்தி அறிவீர்கள்.

1. அறிமுகம்



கோழி வளர்ப்பு என்றதும் தீன் வகை, நோய்கள், தடுப்பூசி, ஆழ்கூள முறை என்பனவற்றை நீங்கள் மனனம் செய்து வைத்திருப்பீர்கள். அது நல்லது. ஆனால் பின்வரும் வினாவை ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.

"ஒரு வீட்டில் முட்டையிடும் ஏழு பேடுகள் ஒரே கூட்டில் வளர்கின்றன. வேறொரு வீட்டிலிருந்து பத்து வார வயதுடைய தனிக்குஞ்சொன்று கொண்டுவரப்படுகின்றது. அதனைப் பாதுகாப்பாகக் கூட்டத்துடன் சேர்ப்பதற்கு நீர் எடுக்கும் நடவடிக்கைகளை ஒழுங்குமுறையாகக் குறிப்பிடுக."

வகுப்பில் இவ்வினாவைக் கொடுத்தால் பெரும்பாலானோர் "இரவில் கூட்டினுள் விடுதல்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவர். அவ்விடை முற்றிலும் பிழையானதன்று. ஆனால் அது கடைசிப் படி. அதற்கு முந்திய படிகளை விட்டுவிட்டால் தாளில் புள்ளி குறையும். வீட்டில் உயிர் போகும்.

இதை நான் அனுபவத்தில் அறிந்தேன். நான் சாதாரண தரம் படித்த காலத்தில் எங்கள் வீட்டுத் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் ஒரே இரவில் மரநாய் பிடித்துவிட்டது. எஞ்சியது எட்டு வாரக் குஞ்சொன்று மாத்திரமே. அது தனியே நின்று கத்துவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பெரியம்மா வீட்டில் ஏழு பேடுகள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரியூசனுக்குப் போகும் வழியில் குஞ்சை அக்கூட்டினுள் விட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனேன். மத்தியானம் வந்து பார்த்தபோது குஞ்சு முட்டைப் பெட்டிக்குப் பின்னால் தலையைச் செருகியபடி கிடந்தது. தலையின் பின்புறத்தில் தோல் இல்லை. அன்றிரவே அது இறந்தது. பெரியம்மா என்னை ஏசவில்லை. "கோழியில பிழையில்லை அப்பன், நீதான் அவசரப்பட்டிட்டாய்" என்று மட்டும் சொன்னார்.

பெரியம்மா சொன்ன அந்த வார்த்தைதான் இப்பாடத்தின் சாரம். கோழிகள் ஏன் அவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம்.

2. கொத்தல் ஒழுங்கு

கோழிகள் கூட்டமாக வாழும் பறவைகள். ஒரு கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம், யார் யாருக்கு விலகிக்கொடுக்க வேண்டும் என்ற நிலையான ஒழுங்கு ஒன்று காணப்படும். இதுவே கொத்தல் ஒழுங்கு எனப்படும்.

இதனை முதன்முதலில் முறையாக ஆராய்ந்து விவரித்தவர் நோர்வே நாட்டைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டெரப்-எப் (1894–1976) என்பவராவார். சிறு வயதிலேயே கோழிகளை ஆர்வத்துடன் அவதானிக்கத் தொடங்கிய இவர், தமது ஆய்வை 1922ஆம் ஆண்டில் ஜேர்மன் மொழியில் வெளியிட்டார். கோழிக் கூட்டின் அருகில் பொறுமையாக இருந்து அவதானித்தமையே அவருடைய ஆய்வின் அடிப்படை என்பதைக் கவனியுங்கள்.

உதாரணம்: ஒரு கூட்டத்தில் அ, ஆ, இ என்னும் மூன்று பேடுகள் உள்ளன எனக் கொள்வோம். 'அ' மற்றைய இரண்டையும் கொத்தும். 'ஆ', 'இ'யை மட்டும் கொத்தும். 'இ' எதனையும் கொத்தாது. தீன் போட்டதும் 'அ' முதலில் உண்ணும். 'இ' விலகி நின்று பின்னர் உண்ணும்.

இவ்வொழுங்கினால் ஏற்படும் நன்மை யாது? ஒழுங்கு ஒரு முறை நிலைபெற்றுவிட்டால் ஒவ்வொரு வேளையும் சண்டை பிடிக்க வேண்டிய தேவை இல்லை. ஒரு பார்வையோ, தலையை உயர்த்துதலோ போதும், மற்றையது விலகிவிடும். எனவே கொத்தல் ஒழுங்கு சண்டையைக் கூட்டும் ஏற்பாடன்று, சண்டையைக் குறைக்கும் ஏற்பாடாகும். மாணவர்கள் இதனை மாற்றி எழுதுவதுண்டு.

கோழிகள் ஒன்றையொன்று முக்கியமாகத் தலை, பூ (கொண்டை), தாடி ஆகியவற்றின் தோற்றத்தைக் கொண்டு இனங்காணும். சிறு கூட்டத்தில் ஒவ்வொரு பேடும் மற்றைய எல்லாவற்றையும் தனித்தனியே அறிந்திருக்கும். அறியாத முகம் வந்தால் உடனே கண்டுகொள்ளும்.

3. தனிக்குஞ்சு ஏன் தாக்கப்படுகின்றது?

(அ) அது அந்நியப் பறவை. அதற்குக் கூட்டத்தில் இடம் எதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு பேடும் அதனுடன் தன் நிலையைத் தீர்மானிக்க முற்படும்.

இதைக் கணக்காகப் பாருங்கள். ஏழு பேடுகளுக்கிடையே 21 சோடித் தொடர்புகள் உள்ளன. அவை ஏற்கெனவே தீர்ந்துவிட்டன. புதிய பறவை வந்தவுடன் மேலும் 7 தொடர்புகள் உருவாகும். அந்த ஏழையும் தனிக்குஞ்சே எதிர்கொள்ள வேண்டும். இரண்டு குஞ்சுகள் சேர்ந்து வந்தால் தாக்குதல் இரண்டுக்கும் பங்காகும். அத்துடன் ஒன்றுக்கொன்று துணையுமாகும்.

(ஆ) அது சிறியது. நிறையிலும் பலத்திலும் குறைந்தது. எதிர்த்து நிற்க இயலாது.

(இ) ஓடுவதற்கு இடமில்லை. திறந்த வளவில் தோற்ற பறவை ஓடிவிடும். வென்றது அத்துடன் விட்டுவிடும். மூடிய கூட்டில் தோற்ற பறவை எங்கே ஓடும்? அது விலகவில்லை என்று கருதி மற்றையது திரும்பத் திரும்பக் கொத்தும்.

(ஈ) தீன், நீர், உறங்கும் இடம் என்பன அளவாகவே உள்ளன. பற்றாக்குறை இருந்தால் போட்டி கூடும்.

(உ) இரத்தம் தெரிந்தால் மற்றைய பறவைகளும் அவ்விடத்தையே கொத்தத் தொடங்கும். இது தன்னினமுண்ணலாக மாறலாம். என் குஞ்சுக்கு நேர்ந்தது இதுவே.

மேலே உள்ள ஐந்து காரணங்களையும் மீண்டும் வாசியுங்கள். எமது நடவடிக்கைகள் ஒவ்வொன்றும் இவற்றுள் ஒன்றையாவது நீக்குவதற்காகவே செய்யப்படுகின்றன. காரணத்தையும் நடவடிக்கையையும் இணைத்துப் படித்தால் மனனம் செய்யவேண்டியதில்லை.

4. குஞ்சின் வயதும் பொருத்தமான முறையும்

• முதல் 2–3 நாட்கள்: அடைக்கோழி ஒன்று அதே நாட்களில் குஞ்சு பொரித்திருந்தால், இருட்டியதும் இக்குஞ்சை அதன் செட்டையின் கீழ் வைக்கலாம். பெரும்பாலும் தாய் ஏற்றுக்கொள்ளும். காலையில் அருகில் நின்று பார்த்தல் வேண்டும்.

• அதன் பின் ஏறத்தாழ 6 வாரம் வரை: வெப்பம் தேவைப்படும் பருவம். முதல் வாரத்தில் 32–35 பாகை செல்சியசும், பின்னர் வாரத்துக்கு ஏறத்தாழ 3 பாகை குறைவாகவும் வழங்கப்படும். இப்பருவத்தில் தாயில்லாத குஞ்சைப் பெரிய கோழிகளுடன் விடவே கூடாது. முடிந்தால் ஒத்த வயதுக் குஞ்சொன்றைத் துணையாகச் சேர்க்கவும்.

• 6–12 வாரம்: இறகு வளர்ந்திருக்கும். ஆனால் உடல் சிறியது. கம்பி வலைக்கு அப்பால் வைத்துப் பழக்கலாம். ஒன்றாக விடுதல் ஆபத்தானது.

• 12–16 வாரமும் அதற்கு மேலும்: உருவம் பெரிய கோழியை நெருங்கும். முட்டையிடத் தொடங்காத இப்பருவப் பேட்டை ஊரில் விடைக்கோழி என்பர். சேர்ப்பதற்கு உகந்த பருவம் இதுவே.

5. சேர்க்கும் படிமுறைகள்

படி 1 – தனிமைப்படுத்தல்

வெளியிலிருந்து வந்த பறவையைக் குறைந்தது இரண்டு வாரமும், இயன்றால் நான்கு வாரமும் கூட்டத்திலிருந்து தூரத்தில் தனியாக வைக்கவும். நியூகாசில் நோய் (இராணிக்கெட்) போன்றவற்றின் தொற்று இருப்பின் அது அக்காலத்தில் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். தீன் பாத்திரம், நீர்ப் பாத்திரம் என்பன வேறாக இருத்தல் வேண்டும். தினமும் முதலில் பழைய கூட்டத்தைப் பராமரித்துவிட்டுப் பின்னரே புதிய பறவையிடம் செல்லவும். கை கால்களைக் கழுவவும். உண்ணி, பேன் உண்டா என இறகுகளின் கீழ் பார்க்கவும்.

குறிப்பு: நோய் இரு திசையிலும் பரவும். வளர்ந்த பேடுகள் கொக்சிடியோசிஸ் நோய்க்கு நிர்ப்பீடனம் பெற்றிருந்தாலும், அவற்றின் எச்சத்தில் அந்நோயாக்கி வெளியேறலாம். இளம் பறவை அதனால் பாதிக்கப்படும். ஆகவே கூளம் ஈரமின்றி இருத்தல் அவசியம். எச்சத்தில் இரத்தம் காணப்பட்டால் உடனே கால்நடை வைத்தியரை நாடவும்.

உங்கள் வளவிலேயே பொரித்து, தாயை இழந்த குஞ்சாயின் தனிமைப்படுத்தல் தேவையில்லை. வினாவில் 'வேறொரு வீட்டிலிருந்து' என்று உள்ளதா எனக் கவனித்து விடை எழுதுங்கள்.

படி 2 – பார்க்கலாம், தொட முடியாது

கூட்டின் ஒரு மூலையை, அல்லது கூட்டை ஒட்டிய ஓர் இடத்தைக் கம்பி வலையால் பிரித்து அதனுள் குஞ்சை விடவும். மேலே கிடுகு அல்லது தகரத்தால் மூடவும். காகம், பருந்து, கீரி, மரநாய் என்பன நுழையாதவாறு வலையின் அடிப்பகுதியைச் சிறிது மண்ணில் புதைக்கவும். வலையின் இருபுறமும் ஒரே நேரத்தில் தீன் வைக்கவும். ஒன்றையொன்று பார்த்தபடி உண்ணப் பழகும்.

இப்படி குறைந்தது ஒன்று தொடக்கம் இரண்டு வாரம் நீடித்தல் வேண்டும். முதல் நாட்களில் பேடுகள் வலையைக் கொத்தும். சில நாட்களில் சலித்துப்போய்த் தம் வேலையைப் பார்க்கும். அவ்வாறு கவனிக்காமல் விடுவதே அடுத்த படிக்குச் செல்லலாம் என்பதற்கான அறிகுறியாகும்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். எமது வினாவில் குஞ்சுக்குப் பத்து வாரம். தனிமைப்படுத்தலுக்கு நான்கு வாரம், வலைக்கு இரண்டு வாரம் எனக் கழிந்தால் அதற்குப் பதினாறு வாரமாகிவிடும். ஆகவே இக்காத்திருப்பு வீண்போவதில்லை. அந்நியத்தன்மை, சிறிய உருவம் ஆகிய இரண்டு காரணங்களையும் அது சேர்த்தே தீர்க்கின்றது.

படி 3 – துணை ஒன்றைக் கொடுத்தல்

கூட்டத்தில் மிகவும் சாதுவான ஒரு பேட்டைத் தெரிந்தெடுத்து, வலைக்குள் குஞ்சுடன் சில நாட்கள் விடவும். ஏழு தொடர்புகளில் ஒன்று இதனால் அமைதியாகத் தீர்ந்துவிடும். பின்னர் இரண்டையும் ஒன்றாகக் கூட்டத்தில் விடும்போது குஞ்சு தனியாக நிற்காது.

படி 4 – திறந்த வெளியில் சந்திப்பு

முதற் சந்திப்பைக் கூட்டினுள் வைக்காமல் வளவில் வைக்கவும். பிற்பகலில், கூடடையும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பாக வலையைத் திறக்கவும். கீரை, புல் போன்றவற்றைப் பல இடங்களில் தூவிவிட்டால் பேடுகளின் கவனம் அதில் செல்லும். சாய்த்து வைத்த பலகை, மரக்கொப்பு, பெட்டி என்பன மறைவிடமாக உதவும். ஆனால் மறைவிடத்துக்கு இரு வழிகள் இருத்தல் வேண்டும். ஒரு வழி மட்டுமே இருந்தால் அது பொறியாகிவிடும். நீங்கள் அருகில் இருத்தல் அவசியம். ஒவ்வொரு நாளும் நேரத்தைக் கூட்டவும்.

படி 5 – இரவில் ஒரே கூட்டில் விடுதல்

வளவில் அமைதியாகப் பழகிய பின்னரே இப்படி. கோழிகளுக்கு மங்கிய ஒளியில் பார்வை குறைவு. இருட்டியதும் அமைதியாக இருக்கும். அந்நேரத்தில் குஞ்சை உறங்குதடியில் வைக்கவும். மறுநாள் விடியும்போது கட்டாயம் கூட்டருகில் இருக்க வேண்டும். இருட்டு தாக்குதலைத் தள்ளிப்போடுமே தவிர அந்நியத்தன்மையை நீக்காது. முன்னர் பார்த்துப் பழகாத குஞ்சை இரவில் விட்டால் காலையில் அதே சண்டை நடக்கும்.

படி 6 – இடமும் பாத்திரமும்

ஆழ்கூள முறையில் முட்டையிடும் பேடொன்றுக்கு ஏறத்தாழ 2 சதுர அடி தேவை. எட்டுப் பறவைகளுக்கு 16 சதுர அடி. இது குறைந்த அளவே. புதிய பறவை சேரும்போது இதனிலும் கூடுதலாக இருத்தல் நன்று. தீன் தொட்டியில் ஒன்றுக்கு 10 சென்ரிமீற்றர் வீதம் 80 சென்ரிமீற்றரும், உறங்குதடியில் 20 சென்ரிமீற்றர் வீதம் 160 சென்ரிமீற்றரும் வேண்டும். தீனையும் நீரையும் ஒன்றுக்கொன்று தூரமான இரண்டு இடங்களில் வைக்கவும். ஒரு பேடு இரண்டு இடங்களை ஒரே நேரத்தில் காவல் காக்க முடியாது.

6. தீன் பற்றிய கவனம்

முட்டையிடும் கோழித் தீனில் கல்சியம் ஏறத்தாழ 3.5–4 சதவீதம் உண்டு. வளரும் கோழித் தீனில் ஏறத்தாழ 1 சதவீதமே உண்டு. வளரும் பறவை மிகை கல்சியத்தைத் தொடர்ந்து உட்கொண்டால் அதன் சிறுநீரகம் பாதிக்கப்படும். ஒன்றாக வளரும்போது தனித்தனித் தீன் கொடுத்தல் கடினம். ஆகவே எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீனைக் கொடுத்து, சிப்பி ஓட்டுத் தூளை வேறொரு பாத்திரத்தில் வைக்கவும். முட்டையிடும் பேடுகள் தமக்கு வேண்டிய கல்சியத்தை அதிலிருந்து பெற்றுக்கொள்ளும்.

7. எது சாதாரணம்? எது ஆபத்து?

சாதாரணம்: துரத்திவிட்டு நிற்றல், தலையில் ஓரிரு கொத்து, தீன் தொட்டியிலிருந்து விலக்குதல், குஞ்சு கீழ்த்தடியில் அல்லது ஒதுக்கமாக உறங்குதல். இவற்றில் தலையிட வேண்டாம். ஒவ்வொரு கொத்துக்கும் குஞ்சைத் தூக்கி எடுத்தால் ஒழுங்கு ஒருபோதும் நிலைபெறாது.

ஆபத்து: இரத்தம் தெரிதல், ஒன்றுக்கு மேற்பட்ட பேடுகள் சேர்ந்து துரத்துதல், குஞ்சு மூலையில் ஒடுங்கி எழும்பாதிருத்தல், தீனும் நீரும் எடுக்காதிருத்தல். உடனே குஞ்சைப் பிரித்துக் காயம் முற்றாக மாறும்வரை வலைக்குள் வைக்கவும்.

மாலையில் குஞ்சின் கண்டப்பையைத் தடவிப் பார்க்கவும். அது நிரம்பியிருந்தால் குஞ்சு உண்டிருக்கிறது. வெறுமையாக இருந்தால், காயம் இல்லாவிட்டாலும் அது பட்டினி கிடக்கிறது என்பது பொருள்.

ஒரேயொரு பேடு மட்டும் விடாமல் தாக்கினால், குஞ்சை அல்ல, அப்பேட்டையே சில நாட்கள் வேறாக்கவும். திரும்பி வரும்போது அது தன் இடத்தை மீண்டும் தேடவேண்டியிருப்பதால் கடுமை குறையும்.

8. மாதிரி அமைப்பு வினா

(i) கொத்தல் ஒழுங்கு என்பதால் கருதப்படுவது யாது?
விடை: கோழிக் கூட்டமொன்றில் எது எதனைக் கொத்தும், எது எதற்கு விலகும் என்பதைத் தீர்மானிக்கும் நிலையான உயர்வு தாழ்வு ஒழுங்கு.

(ii) அதனால் கூட்டத்துக்கு ஏற்படும் நன்மை ஒன்று தருக.
விடை: தீன், இடம் என்பனவற்றுக்காகத் தொடர்ந்து சண்டையிடுதல் தவிர்க்கப்படும்.

(iii) தனிக்குஞ்சை விட இரண்டு குஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்தல் சிறந்தது. விளக்குக.
விடை: தாக்குதல் ஒன்றின் மீதே குவியாமல் பகிரப்படும்; ஒன்றுக்கொன்று துணையாக இருப்பதால் அச்சம் குறையும்.

(iv) அறிமுகத்தில் தரப்பட்ட வினாவுக்கு விடை எழுதுக.
விடை: தனிமைப்படுத்தல் → கம்பி வலையூடாகப் பார்க்கவிடல் → சாதுவான பேட்டைத் துணையாக விடல் → மேற்பார்வையுடன் வளவில் சந்திக்கவிடல் → இரவில் உறங்குதடியில் வைத்து விடியலில் அவதானித்தல் → போதிய இடமும் மேலதிகப் பாத்திரங்களும் வழங்கல். (ஒவ்வொரு படிக்கும் காரணத்தை ஒரு வரியில் சேர்த்து எழுதவும்.)

9. பல்தேர்வு வினாக்கள்

1. ஆறு பேடுகள் உள்ள கூட்டத்தில் ஒரு பறவை சேர்க்கப்பட்டால் புதிதாக உருவாகும் சோடித் தொடர்புகளின் எண்ணிக்கை
(1) 1 (2) 5 (3) 6 (4) 15

2. வளரும் பறவைக்கு முட்டையிடும் கோழித் தீனைத் தொடர்ந்து வழங்குவதால் பாதிக்கப்படக்கூடிய உறுப்பு
(1) கண் (2) சிறுநீரகம் (3) நுரையீரல் (4) அலகு

3. பின்வருவனவற்றுள் குஞ்சை உடனே பிரிக்க வேண்டிய சந்தர்ப்பம்
(1) தீன் தொட்டியிலிருந்து ஒரு முறை துரத்தப்படல்
(2) தலையில் மெதுவாகக் கொத்தப்படல்
(3) கீழ்த்தடியில் உறங்குதல்
(4) காயத்திலிருந்து இரத்தம் வடிதல்

4. தாயை இழந்த, அதே வளவில் பொரித்த குஞ்சொன்றைச் சேர்க்கும்போது தவிர்க்கக்கூடிய படி
(1) கம்பி வலையால் பிரித்தல் (2) தனிமைப்படுத்தல் (3) வளவில் சந்திக்கவிடல் (4) விடியலில் அவதானித்தல்

விடைகள்: 1 – (3), 2 – (2), 3 – (4), 4 – (2)

10. செயற்பாடு

உங்கள் வீட்டில் அல்லது அயலில் உள்ள கோழிக் கூட்டமொன்றை ஒரு வாரம், தினமும் தீன் போடும் நேரத்தில் 15 நிமிடம் அவதானிக்கவும். ஒவ்வொரு கோழிக்கும் ஒரு குறியீடு இடவும். எது எதனைக் கொத்தியது, எது விலகியது எனக் கொப்பியில் அட்டவணையாகக் குறிக்கவும். வார முடிவில் கொத்தல் ஒழுங்கை மேலிருந்து கீழாக எழுதவும். ஒழுங்கு நேர்கோடாக அமையாமல் இடையில் வட்டமாக வந்தாலும் அதை அழிக்க வேண்டாம். 'அ' 'ஆ'வையும், 'ஆ' 'இ'யையும், 'இ' 'அ'வையும் கொத்துவதும் உண்டு. கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள்.

நினைவில் வைத்திருங்கள்

கூட்டம் கொடியதன்று, அதற்கென ஓர் ஒழுங்கு உண்டு. புதிய குஞ்சுக்கு அதில் ஓர் இடம் கிடைக்க நாட்கள் எடுக்கும். அந்த நாட்களைக் கொடுப்பதும், அதுவரை இடையில் ஒரு வலையைப் பிடித்து வைப்பதுமே வளர்ப்பவரின் வேலை. பரீட்சையில் இவ்வினா வராமலும் போகலாம். ஆனால் உங்கள் வீட்டு வளவில் ஒரு தனிக்குஞ்சு கத்திக்கொண்டு நிற்கும் நாள் வரலாம். அன்று இரக்கத்தில் அவசரப்பட்டுவிடாதீர்கள்.